திருத்திப் பாடியவர்

நீங்கள் திருடினீர்கள். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பாட்டைத் திருடினீர்கள். அதோடு விட்டீர்களா? தப்பு என்று அவரே தூக்கிப் போட்ட பிறகும், அந்த வரியை வைத்து ஊரெல்லாம் ஆட விட்டீர்கள். உங்கள் பாட்டுக் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் இதையும் எடுக்க வைத்துவிடுவீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் வேன் ஓட்டுகிறவன். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்ச் செருப்புக் கம்பெனியில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற வேலை. அந்த வேனில் வந்தவர்தான் அக்கா. அவர் பெயரையும் எழுதப் போவதில்லை. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காருவார். ஜன்னல் ஓரத்துக்கு மற்றவர்கள் சண்டை போடுவார்கள். அவருக்கு அந்த இடம்தான் வேண்டும். அங்கே உட்கார்ந்தால்தான் என்னைத் திருத்த முடியும். ஓமந்தூர் பக்கம் ஒரு வளைவில் நான் ஹாரன் அடிக்காமல் திரும்புவேன். முதுகில் ஒரு விரல் குத்தும். பிரேக் போட்டால் ஏன் போட்டேன் என்று கேட்பார். போடாவிட்டாலும் கேட்பார்.

என்னை மட்டும் என்று இல்லை. வேனில் யாரும் நிம்மதியாக ஒரு கதை சொல்ல முடியாது. ஒருத்தி தன் நாத்தனார் கல்யாணத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். ஐப்பசி என்பாள். அக்கா உடனே, ஐப்பசி இல்லை, கார்த்திகை, நானே வந்து மொய் வைத்தேன் என்பார். கதை அங்கேயே செத்துவிடும். அவருக்கு ரப்பர், தப்பை அழிக்கிற ரப்பர், என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஏறுகிற நிறுத்தம் வந்தால், "ரப்பரக்கா ஏறப் போவுது, எல்லாம் வாயக் கழுவிக்கினு பேசுங்கடி" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். அக்காவுக்கும் அது கேட்கும். கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்து, டிபன் பையை மடியில் வைத்துக்கொள்வார். கோபித்ததில்லை.

எனக்குப் பல நாள் எரிச்சலாக வந்திருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை. இன்னொருவர் தப்பாகச் சொன்னால் உனக்கென்ன என்று தோன்றும். ஆனால் ஒன்று. அவர் மற்றவர்களைவிடத் தன்னைத்தான் அதிகம் திருத்துவார். முந்தின நாள் சொன்னது தப்பு என்று தெரிந்தால், மறுநாள் வேன் கிளம்பியதும் எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நேற்று நான் சொன்னது தப்பு, சரி இதுதான் என்பார். அவர் நேற்று என்ன சொன்னார் என்றே யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அவர் வேலை செருப்பின் மேல்பாகத்தை ஒட்டுவது. ஒட்டுகிற பசை பட்டுப் பட்டு ஆள்காட்டி விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. போன் திரை அந்த விரலை மதிக்காது. சுண்டுவிரலால்தான் போனைத் தள்ளுவார். அந்தச் சுண்டுவிரலால்தான் தன் பாட்டை எல்லாம் உலகத்துக்கு அனுப்பினார்.

ஆமாம், பாடுவார். சினிமாப் பாட்டு இல்லை. தானே கட்டிய பாட்டு. முதல் ஷிப்டுக்கு எழுந்து ஓடுகிற பாட்டு, லைனில் நிற்கும்போது கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கெஞ்சுகிற பாட்டு, குடித்துவிட்டு வந்த புருஷனுக்கு மருமகளும் மாமியாரும் சேர்ந்து கதவைத் திறக்காத பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை ஓரம் வேனைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார். வீட்டில் பாடினால் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் விழும். வேனில் சீட்டெல்லாம் ஸ்பாஞ்சு, அதனால் எதிரொலி இல்லை. ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துவோம். என்ஜினை நிறுத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். நான் மூச்சுவிடுகிற சத்தம் கேட்கிறது என்று என்னைப் பின் சீட்டுக்கு அனுப்புவார். டிபன் டப்பா மூடியில் மோதிர விரலால் தட்டிக்கொண்டே பாடுவார். வேறு வாத்தியம் கிடையாது. காக்கா கத்தினால் முதலிலிருந்து. கூட்ஸ் வண்டி போனால் முதலிலிருந்து. ஒரு பாட்டுக்கு ஒரு மத்தியானம் போய்விடும்.

பாடி முடித்ததும் அங்கேயே தன் சேனலில் போடுவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மற்ற கம்பெனி வேன்களிலும் பெண்கள் அதைப் போட்டுக் கேட்பார்கள். சிக்னலில் என் வேனுக்குப் பக்கத்தில் வேறு ஒரு வேன் வந்து நிற்கும், உள்ளே அக்கா குரல் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா இந்தப் பக்கம் உட்கார்ந்து, மூன்றாவது வரியை இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பாடியிருக்கலாம் என்பார்.

ஒரு தடவை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கிற பாட்டு ஒன்று போட்டார். ஆடியில மல்லாட்டை ஆஞ்சோமே என்று ஒரு வரி. அக்கா திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர், கழனி பக்கம் போனதில்லை. சத்தத்துக்காக ஆடி என்று போட்டுவிட்டார். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வானூர் பக்கத்துப் பெண் ஒருத்தி வேனில் வைத்து, ஆடியில விதைப்போம், ஆடியில எந்த ஊர்ல ஆயறாங்க என்று சிரித்துவிட்டாள். ரப்பருக்கே ரப்பர் என்று வேன் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, சுண்டுவிரலால் பாட்டை அழித்துவிட்டார்.

ஏறிக்கொண்டிருந்த பாட்டு. கீழே ஒரு வரி, தப்பு என்று எழுதிவிட்டால் போதாதா, எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பாட்டுக் கேக்கறவ கீழ எழுதினத படிச்சிக்கினா இருப்பா? தப்பா ஏறுனது எறங்கத்தான் தம்பி வேணும்."

அடுத்த ஞாயிறு சரியாகப் பாடிப் புதிதாகப் போட்டார். பழையதைப் பார்த்தவர்களில் பாதிப் பேர்கூடப் புதியதைப் பார்க்கவில்லை. இப்படியே எத்தனையோ பாட்டு. எடுப்பார், திருத்துவார், மறுபடி போடுவார். அவர் சேனலில் பழைய பாட்டு என்று ஒன்றுமே இருக்காது. எல்லாம் போன மாதம் போட்டது மாதிரி இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவரை அடிக்க நீங்கள் எடுத்த தடி இதுதான்.

உங்கள் ஆள் ஒருவர் அவரைத் தேடி வந்தாரே, அதையும் சொல்கிறேன். விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் பார்க்கலாம் என்றார். நான்தான் அக்காவை வேனில் கூட்டிப்போனேன். மரியாதையானவர்தான். காப்பி சொன்னார். அக்கா பாட்டை நல்ல மியூசிக்கோடு கம்பெனி சேனலில் போடுகிறோம், போட்டோ போடுகிறோம், பேட்டி எடுக்கிறோம் என்று நிறைய சொன்னார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். பிறகு ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால் என்ன செய்வது?

அவர் சிரித்தார். "ஃபைனல் ஆயிட்டா மாத்த முடியாதுக்கா. அப்புறம் அது எங்க ப்ராப்பர்ட்டி."

அக்கா எழுந்துவிட்டார். காப்பி பாதி அப்படியே இருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். இப்படி ஒரு வாய்ப்பை யாராவது விடுவார்களா என்று வழியெல்லாம் திட்டினேன். "தப்புன்னு தெரிஞ்சும் மாத்த முடியாத எடத்துல எம் பாட்ட எப்பிடி வெக்கறது? பேஜாரு புடிச்ச வேல" என்றார். அவ்வளவுதான். உங்களோடு சேராமல் தனியாக நின்றதற்கு அவருக்குக் கொள்கை, கோட்பாடு எல்லாம் கிடையாது. தப்பைத் திருத்த உரிமை வேண்டும். அது ஒன்றுதான்.

அதன் பிறகுதான் ஒரு விபத்து நடந்தது. விழுப்புரம் பைபாஸில், விடிகிற நேரத்தில், வேறு ஒரு கம்பெனியின் வேன் கவிழ்ந்தது. மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். சாயங்காலத்துக்குள் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மூன்று படம், மூன்று பெயர். அக்கா வேனை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு வந்தார். தப்பு வந்துவிடக் கூடாது என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாடினார்.

அஞ்சு மணி வேனுக்குத்தான் அவசரமாத் தலைசீவி
பாதிச் சோறு டப்பாவுல மீதிச் சோறு சட்டியில
ஏறினது எல்லாருந்தான் எறங்கினது யாரு சொல்லு
செல்வி எங்க ரேவதி எங்க சின்னப்பொண்ணு நித்யா எங்க

டப்பா மூடியில்கூடத் தட்டவில்லை. வெறும் குரல். பின் சீட்டில் இருந்த நான் வெளியே இறங்கிப் போய்விட்டேன். கதவைத் திறந்து சத்தத்தைக் கெடுத்ததற்கு அவர் திட்டவில்லை. முதலிலிருந்து பாடினார்.

அந்தப் பாட்டு மற்ற எல்லாப் பாட்டையும் தாண்டிப் போனது. வேன் ஓட்டுகிற எங்கள் ஆட்களே போட்டுக் கேட்டார்கள். அப்போதுதான் ஒரு பையன் அக்காவுக்குப் போன் செய்தான். கோயில் திருவிழாவுக்கு மிக்ஸ் போடுகிறவன் என்றான். குரல் மட்டும் இருக்கிற பதிவைச் சுத்தமாக அனுப்ப முடியுமா, அந்த மூன்று பெண்கள் ஞாபகமாகக் கோயிலில் போட வேண்டும் என்றான். எங்கள் பக்கம் இது வழக்கம். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டுக் கேட்டால், பாடுகிறவர்கள் கொடுத்துவிடுவார்கள். கோயிலுக்குக் கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் இல்லை. அக்கா போனிலேயே அனுப்பிவிட்டார். அவன் கும்பிடு போட்டுப் பதில் அனுப்பினான். அவன் யாருக்கு வேலை பார்த்தான் என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மாவும், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்ணும் ஏரிக்கரைக்கே வந்துவிட்டார்கள். தான் விபத்தில் இறந்துபோன சின்னப்பெண்ணின் அம்மா என்று மூத்தவர் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா கையை விடுவித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டினார்.

"இவதாம்மா நித்யா. எம் பெரிய பொண்ணு. உசுரோடதான் இருக்கறா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த அம்மா நின்றபடியே சொன்னார். சின்னவள் பெயர் சந்தியா. வேலைக்குச் சேர வயசு பத்தவில்லை. அதனால் தன் அக்கா நித்யாவின் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துச் சேர்ந்திருக்கிறாள். கம்பெனியில் அவள் நித்யா. கழுத்தில் தொங்கிய அட்டையிலும் நித்யா. வேனில் கூட வந்தவர்களுக்கும் நித்யா. செத்த அன்றைக்கு அந்த அட்டையைப் பார்த்துத்தான் பிளெக்ஸில் போட்டார்கள், பேப்பரில் போட்டார்கள். என் வேனிலேயே தங்கள் அக்கா சர்ட்டிபிகேட்டில் வருகிற தங்கைகள் உண்டு. எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பாட்டுக் கட்டும்போது நம் அக்காவுக்கு இது தோன்றவில்லை.

"போலீசுல மாத்திட்டாங்க. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க. அதெல்லாம் யாரு படிக்கறா? உம் பாட்டத்தாம்மா எல்லாம் கேட்டுக்கினு இருக்காங்க. செத்தும் எம் பொண்ணு பேரு இல்லாம கெடக்கறா."

நித்யா குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. தன் சாவுப் பாட்டைத் தானே கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றாள். தங்கை பெயர் வர வேண்டும், அது போதும் என்றாள்.

அக்கா வேனைத் திறக்கச் சொன்னார். அந்த அம்மாவையும் நித்யாவையும் உள்ளே உட்கார வைத்தார். குழந்தை அழுமோ என்று நான் பயந்தேன். அழவில்லை. முழுப் பாட்டையும் பாடினார். சின்னப்பொண்ணு சந்தியா எங்க என்ற இடம் வந்ததும் அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார், சத்தம் பதிவில் விழுந்துவிடக் கூடாது என்று. பிறகு அக்கா பழைய பாட்டை அழித்தார். அத்தனை பேர் பார்த்த பாட்டு. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. புதியதைப் போட்டார். உங்கள் பையனுக்கும் புதிய பதிவை அனுப்பி, பழசு தப்பு, போட வேண்டாம், இதைப் போடு என்று குரலிலும் சொல்லி அனுப்பினார். பார்த்துவிட்டான். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அம்மா ஏரிக்கரைக்கு வருவதற்கு முன்பே நீங்கள் அதைப் போட்டுவிட்டீர்கள். சோற்று டப்பாவை வெட்டினீர்கள், ஐந்து மணி வேனை வெட்டினீர்கள், செல்வியையும் ரேவதியையும் வெட்டினீர்கள். டிரம் அடித்து, நித்யா எங்க நித்யா எங்க என்று அதை மட்டும் சுற்றிச் சுற்றி ஓட விட்டீர்கள். சாவு வீட்டுக் கேள்வியை, பொண்ணைத் தேடுகிற பாட்டாக ஆக்கிவிட்டீர்கள். பசங்களுக்கு இது செத்தவளைப் பற்றிய பாட்டு என்றே தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒரு காலையில் அக்கா பாட்டு அவர் சேனலில் இல்லை. வேறு ஒருவருக்குச் சொந்தமான பாட்டு என்று அறிவிப்பு வந்திருந்தது. வேறு ஒருவர் என்றால் நீங்கள். அவர் குரலும் மெட்டும் உங்களுடையது என்று, எது யார் பாட்டு என்று ஒப்பிட்டுப் பார்க்கிற எந்திரத்தில் பதிந்துவிட்டீர்கள். எந்திரம் அவர் குரலைக் கேட்டு, இது அந்தக் கம்பெனியின் குரல் என்று சொல்லிவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து புகார் அனுப்பினோம். சென்டர்காரர் நல்ல மனுஷர், பொறுமையாகச் செய்தார். அந்தப் புகார் முதலில் யாரிடம் போகும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. உங்களிடம்தான் போகுமாம். திருட்டுப் புகாரைத் திருடியவரே படித்துப் பார்த்து, திருடினேனா இல்லையா என்று முடிவு சொல்வாராம். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் குடித்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள்.

நீங்கள் பதில் அனுப்பினீர்கள். ஆய்வு செய்தோம் என்றீர்கள். குரல் பதிவை அவரே மனம் ஒப்பி அனுப்பியிருக்கிறார் என்றீர்கள். கோயிலுக்கு என்று கேட்டு வாங்கியதைச் சொல்லவில்லை. அவர் சேனலில் இருந்த பாட்டு எங்கள் பாட்டுக்குப் பிறகு போடப்பட்டது என்றீர்கள். அதுவும் உண்மைதான். முதல் பாட்டை அவரே அழித்துவிட்டாரே.

"பழசு இருந்திருந்தா ஒரு நிமிஷ வேலக்கா" என்றார் சென்டர்காரர். "எந்த ஆர்ட்டிஸ்டாச்சும் பழச அழிப்பாங்களா?"

"தப்பா இருந்துது சார்" என்றார் அக்கா.

மறுபடி பாடிப் போட்டார். எடுத்துவிட்டார்கள். மறுபடி போட்டார். எச்சரிக்கை வந்தது. மெட்டை மாற்றிப் பாடினால் எந்திரம் பிடிக்காது என்று சென்டர்காரர் வழி சொன்னார். நானும் கெஞ்சினேன். அக்கா கேட்கவில்லை. மெட்டில் தப்பு இல்லை, தப்பு இல்லாததை எதற்கு மாற்ற வேண்டும் என்றார். இன்னொரு தடவை அதே மெட்டில் போட்டார். சேனலையே மூடிவிட்டார்கள். ஷிப்டுப் பாட்டு, மல்லாட்டைப் பாட்டு, கதவு திறக்காத பாட்டு எல்லாம் போய்விட்டது. வேனில் எல்லாரும் தங்கள் போனில் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. உங்கள் பாட்டுதான் வந்தது.

ஆடி மாதம் சந்தியாவின் அம்மா அக்காவுக்குப் போன் செய்தார். நித்யாவைக் கட்டிக்கொடுத்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம். அங்கே கூழ் வார்க்கிறார்கள், காலையிலிருந்து அந்தப் பாட்டுத்தான் ஓடுகிறது, நித்யா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள் என்றார். அன்று ஞாயிறு. நான் அக்காவை வேனில் கூட்டிப்போனேன்.

மத்தியான வெயில். கோயிலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். பசங்க ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நித்யா எங்க என்று கேட்கும், அவர்கள் இங்க இங்க என்று நித்யாவின் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். மைக்செட்காரரிடம் அக்கா பேசினார். அவர் கெட்டவர் இல்லை. அக்கா கொடுத்த பென்டிரைவை வாங்கிப் போட்டார். அக்காவின் வெறும் குரல் அவ்வளவு பெரிய பெட்டியில் கேட்டது. இரண்டு வரி முடியவில்லை, கூழ் வார்க்கிற இடத்தில் எவன்டா சாவுப் பாட்டுப் போட்டது என்று பெரியவர்களே சத்தம் போட்டார்கள். மைக்செட்காரர் பென்டிரைவைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார்.

"ஹிட்டு பாட்டுக்கா. நிறுத்தினா பசங்க என்ன அடிப்பாங்க. நீங்க போயி கூழு குடிங்க."

மறுபடி உங்கள் பாட்டு ஓடியது. அக்கா நேராகப் போய் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றார். நித்யா என்று வரும்போதெல்லாம், சந்தியா என்று கத்தினார். அவ்வளவுதான் செய்தார். ஒவ்வொரு தடவையும். அந்த டிரம்முக்கு முன்னால் மனுஷக் குரல் எம்மாத்திரம்? வாய் திறப்பது தெரிந்தது, சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "இன்னா ஆன்ட்டி, சந்தியா உங்களுக்கு இன்னா வேணும்?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் வந்தார். நித்யா வீட்டுக் கதவு திறக்கவே இல்லை. அவள் மாமியார் வெளியே வந்து, நீங்கள் வந்து கூத்து அடித்ததில் எங்கள் மானம் இன்னும் போனது, தயவுசெய்து இனி வராதீர்கள் என்றார்.

அந்த வீடியோவும் ஓடியது. ஸ்பீக்கரோடு சண்டை போடும் ஆன்ட்டி என்று போட்டிருந்தார்கள். பின்னால் ஓடுவது உங்கள் பாட்டு என்பதால் அதற்கும் நீங்கள் உரிமை கேட்டுவிட்டீர்கள் என்று சென்டர்காரர் சொன்னார். அவர் கத்தியதும் இப்போது உங்களுடையது.

வேனில் எல்லாரும் அதைப் பார்த்திருந்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. ரப்பரக்கா என்று யாரும் கூப்பிடவில்லை. நான் அந்த வளைவில் வேண்டும் என்றே ஹாரன் அடிக்காமல் திரும்பிப் பார்த்தேன். முதுகில் விரல் குத்தவில்லை.

ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பைபாஸைத் தாண்டும்போது, இந்த இடத்தில்தான் ஒரு வேன் கவிழ்ந்து இரண்டு பெண்கள் செத்தார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நானும் கண்ணாடியில் பார்த்தேன். அக்காவுக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, டிபன் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டு இருந்தார். கடைசியில், "மூணு பேரும்மா" என்று நான்தான் சொன்னேன்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு ஓசூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன் எங்காவது எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரு வேணாம் தம்பி. எழுத வேண்டிய பேரு வேற" என்றார். பாடுகிறீர்களா என்று பிறகு ஒரு தடவை போனில் கேட்டதற்கு, பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வேறு பேச்சு பேசினார். இப்போது அந்த நம்பர் போவதில்லை.

என்னிடம் வக்கீல் இல்லை. சேனல் இல்லை. உங்கள் பாட்டை நிறுத்த என்னால் முடியாது. என் வேனிலேயே நிறுத்த முடியவில்லை. புதிதாக வருகிற பெண்கள் போனில் போடுகிறார்கள், வேண்டாம் என்றால் ஏன் என்கிறார்கள், ஒவ்வொருத்தியிடமும் எத்தனை தடவை சொல்வது?

ஆய்வு செய்தோம் என்று எழுதினீர்கள். அதைச் செய்த ஆள் யார்? அக்கா பாடிய முழுப் பாட்டையும் அவர் உட்கார்ந்து கேட்டாரா? பழசு தப்பு என்று அக்கா அனுப்பிய குரலைக் கேட்டாரா? எனக்குத் தனியாக மெயில் அனுப்ப வேண்டாம். உங்கள் பாட்டுக்குக் கீழே, எல்லாரும் படிக்கிற இடத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். விழுப்புரம் பைபாஸில் இறந்த மூவரில் சின்னவள் சந்தியா என்று எழுதுங்கள். எழுத முடியாது என்றால், ஏன் முடியாது என்று அங்கேயே எழுதுங்கள்.